அந்த எட்டு லட்சத்துக்கு முதலில் ஒரு பெயர் வையுங்கள்

ஷார்ஜாவிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். கடிதம் நீளம் என்பதால் சுருக்கித் தருகிறேன்.

"ஐயா, எனக்கு வயது 38. ஷார்ஜாவில் ஸ்டோர் கீப்பர் வேலை. பிறந்து வளர்ந்ததெல்லாம் மும்பை சயான் கோலிவாடாவில். ஒன்றாம் வகுப்பிலிருந்து கூடப் படித்த நண்பனுக்கு மூன்று வருடத்துக்கு முன்னால் வேலை போய்விட்டது. இட்லி மாவு அரைத்துக் கடைகளுக்குப் போடலாம் என்றான். முதலில் ஆறு லட்சம், அப்புறம் இரண்டு லட்சம் அனுப்பினேன். ஆன்டாப் ஹில்லில் ஒரு காலா, அதாவது சின்னப் பட்டறை இடம், எடுத்தான். டெபாசிட் ஒரு லட்சம், வாடகை 18,000. கிரைண்டர் இரண்டு, ஃப்ரீசர் ஒன்று, எல்லாம் சேர்ந்து 1,60,000 ஆயிற்று. முதல் வருடம் தினம் 40 கிலோ போனது, அடுத்த வருடம் 75, இப்போது 120. கிலோ 55 ரூபாய்க்குக் கடைகளுக்குக் கொடுக்கிறான். முதலில் ஒரு பையன் வேலைக்கு இருந்தான், இரண்டாம் வருடத்திலிருந்து இரண்டு பேர், ஆளுக்கு 14,000 சம்பளம். அவன் வீட்டுச் செலவுக்கு முதல் வருடம் மாதம் 15,000 எடுத்தான், இப்போது 20,000 எடுக்கிறான். அவன் மனைவியும் காலையில் வந்து பாக்கெட் போடுவாள். எனக்கு இதுவரை ஒரு ரூபாய் வரவில்லை, நானும் கேட்டதில்லை. போன மாதம் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் 1,40,000 கொடுத்துப் பழைய மூணு சக்கர டெம்போ வாங்கியிருக்கிறான். வாட்ஸப் ஸ்டேட்டஸில் மாலை போட்ட படத்தைப் பார்த்துத்தான் எனக்கே தெரியும். அன்றைக்கு ராத்திரி பத்தே முக்காலுக்கு 'பேங்க் ஸ்டேட்மென்ட் அனுப்பு' என்று மெசேஜ் போட்டேன். இரண்டு நாள் பதிலே இல்லை. மூன்றாவது நாள் 'என் மேல நம்பிக்கை இல்லையாடா' என்று ஒரே வரி வந்தது. பணத்தைத் திருப்பிக் கேளுங்கள் என்கிறாள் என் மனைவி. எனக்கோ, பேசாமல் வேலையை விட்டுவிட்டுப் போய்க் கூட நின்று பார்க்கலாமா என்று இருக்கிறது. கணக்குக் கேட்டால் நட்பு போய்விடுமா, கேட்காவிட்டால் காசு போய்விடுமா?"

தம்பி, அந்த மெசேஜிலிருந்தே ஆரம்பிக்கிறேன். ஷார்ஜாவில் பத்தே முக்கால் என்றால் மும்பையில் பன்னிரண்டே கால். மாவுத் தொழில் செய்கிறவருக்கு அது நடுத்தூக்கம். மதியம் ஊறப்போட்டு, சாயங்காலம் அரைத்து, மூன்றரைக்கு அலாரம் வைத்து எழுந்து, மாவு எவ்வளவு பொங்கியிருக்கிறது என்று கையை விட்டுப் பார்த்து, பாக்கெட் போட்டு, ஆறு மணிக்குள் கடைக்கடையாக இறக்கியாக வேண்டும். அந்த மூன்றரை மணிக்குப் போனை எடுத்துப் பார்த்தால் மூன்று வருடத்தில் முதல் தடவையாக நீங்கள் கணக்குக் கேட்டிருக்கிறீர்கள், அதுவும் மூன்றே வார்த்தையில். நீங்கள் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் மூன்று வருடம் கேட்காமல் இருந்துவிட்டு, டெம்போ படத்தைப் பார்த்த சூட்டில் கேட்டதால் அது கணக்குக் கேட்டதாக அவருக்குப் படவில்லை, சந்தேகப்பட்டதாகத்தான் பட்டிருக்கும்.

சரி, இப்போது கணக்குக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் இருக்கும் எண்களே போதும், நானே உட்கார்ந்து கால்குலேட்டரில் தட்டிப் பார்த்தேன். இட்லி அரிசி 45, உளுந்து 130 என்று வைத்து நாலுக்கு ஒன்று போட்டால் ஒரு கிலோ தானியம் 62 ரூபாய். தண்ணீரோடு அரைத்தால் ஏறக்குறைய 2.4 கிலோ மாவு வரும். ஆக, கிலோ மாவுக்குத் தானியம் 26 ரூபாய். பாக்கெட் 2, கரண்ட் 3, பெட்ரோல் 2, விற்காமல் திரும்பி வருகிற பாக்கெட்டுக்கு 1. மொத்தம் 34. உங்கள் நண்பர் 55-க்குக் கொடுக்கிறார் என்றால் கிலோவுக்கு 21 ரூபாய் நிற்கிறது. அதிலிருந்துதான் வாடகையும் சம்பளமும்.

முதல் வருடம் மாதம் 1,200 கிலோ, அதாவது 25,200 ரூபாய். வாடகை 18,000, ஒரு பையன் 14,000. அங்கேயே 6,800 துண்டு விழுகிறது. நண்பர் வீட்டுக்கு எடுத்த 15,000-ஐயும் சேர்த்தால் மாதம் 21,800 உங்கள் பணத்திலிருந்து கரைந்திருக்கிறது. வருடத்துக்கு 2,61,600. இரண்டாம் வருடம் 2,250 கிலோ, 47,250 ரூபாய். வாடகையும் இரண்டு பையன்களும் போக மிச்சம் 1,250. அவர் எடுத்தது 20,000. அந்த வருடம் கரைந்தது 2,25,000. டெபாசிட், மிஷின் 2,60,000. எல்லாம் கூட்டினால் 7,46,600. உங்கள் எட்டு லட்சத்தில் மிச்சம் 53,400.

மூன்றாம் வருடம்தான் தொழில் நிமிர்ந்திருக்கிறது. 3,600 கிலோ, 75,600 ரூபாய். வாடகை, சம்பளம் போக 29,600. அவர் வீட்டுக்கு 20,000 போக மாதம் 9,600 நிற்கிறது, வருடத்துக்கு 1,15,200. மிச்சமிருந்த 53,400-ஐச் சேர்த்தால் 1,68,600. அதில் டெம்போவுக்கு 1,40,000. பாக்கி 28,600. அதுவும் ரொக்கமாகக் கையில் இருக்காது, கடைகளில் உதாராக நிற்கும். (நம் ஊரில் உதார் விடுவது வேறு விஷயம். மும்பையில் உதார் என்றால் கடன். இரண்டுக்கும் சம்பந்தம் இருப்பதை மாவு விற்கிறவர்கள் சீக்கிரம் தெரிந்துகொள்வார்கள்.)

அரிசி விலை ஏறியிறங்கியிருக்கும், கரண்ட் பில் மாறியிருக்கும், ஆகவே இதில் பத்தோ இருபதாயிரமோ அங்கே இங்கே போகலாம். ஆனால் மொத்தமாகப் பார்த்தால் உங்கள் பணம் எங்கே போக வேண்டுமோ அங்கேதான் போயிருக்கிறது. ஏமாற்று வேலை எதுவும் என் கண்ணுக்குத் தெரியவில்லை. மூன்று வருடமாக இதை யாரும் எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான் நடந்திருக்கிறது. அந்த அவ்வளவுதான் சின்ன விஷயமும் இல்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. காலையிலிருந்து ராத்திரி வரை அந்தக் காலாவைப் பார்த்துக்கொள்ள வெளி ஆள் ஒருவரை வைத்தால் மும்பையில் மாதம் 30,000 இல்லாமல் நடக்காது. உங்கள் நண்பர் முதல் வருடம் 15,000-மும் அப்புறம் 20,000-மும்தான் எடுத்திருக்கிறார். வாங்காமல் விட்ட சம்பளம் மூன்று வருடத்தில் 4,20,000. அவர் மனைவியைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரே ஒரு வரி, பாக்கெட் போடுவாள் என்று. அந்தம்மாவும் விடியற்காலையில்தான் எழுந்து வருகிறார். மாதம் 6,000 என்று குறைத்து வைத்தாலும் 2,16,000 ஆகிறது. இரண்டும் சேர்த்தால் 6,36,000. நீங்கள் எட்டு லட்சம் போட்டிருக்கிறீர்கள், அந்த வீடு ஆறு லட்சத்து முப்பத்தாறாயிரம் போட்டிருக்கிறது. உங்களுடையது பேங்க் வழியாகப் போனதால் தேதியோடு தெரிகிறது. அவர்களுடையது எந்த ஸ்டேட்மென்டிலும் வராது. நீங்கள் ஸ்டேட்மென்ட் கேட்டபோது அவருக்கு எங்கே வலித்திருக்கும் என்று இப்போது தெரிகிறதா?

டெம்போ விஷயத்தில் அவர் செய்தது சரியான காரியம், செய்த விதம்தான் தப்பு. 120 கிலோ மாவை ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு மூன்று நடை, நாலு நடை அடிப்பது ஜனவரியில் வேண்டுமானால் முடியும். ஜூலை மழையில் கிங்ஸ் சர்க்கிள், காந்தி மார்க்கெட் பக்கம் தண்ணீர் நிற்கும்போது முடியுமா? நீங்களே அந்தத் தண்ணீரில் நடந்து பள்ளிக்கூடம் போனவர்தான். மே மாதத்தில் இன்னொரு கஷ்டம். வெயிலில் இரண்டு மணி நேரம் அலைந்தால் மாவு பாக்கெட் பலூன் மாதிரி உப்பிக்கொண்டு கடைக்காரர் கையில் போய்ச் சேரும், மறுநாள் அப்படியே திரும்பி வரும். ஆக டெம்போ தேவைதான். ஆனால் பணம் போட்டவர் அதை ஸ்டேட்டஸில் பார்த்துத் தெரிந்துகொள்வது எந்த ஊர் நியாயம்? இதை அவரிடம் நேராகச் சொல்லுங்கள். சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது.

உரிமை என்று சும்மா சொல்லிவிட்டேன், காகிதத்தில் அது இல்லை. கடை நடத்துவதற்கான குமாஸ்தா லைசென்ஸ் அவர் பெயரில் இருக்கும், உணவுத் தொழிலுக்கான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. 14 இலக்க எண் அவர் பெயரில் இருக்கும், காலா அக்ரிமென்ட், டெம்போ ஆர்.சி. எல்லாம் அவர் பெயரில். கடைக்காரர்கள் ஜி.பே. பண்ணுவதும் அவருடைய சேமிப்புக் கணக்குக்குத்தான், பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸ் போகிற அதே கணக்கு. காகிதத்தில் நீங்கள் யாருமே இல்லை. இது உங்களுக்கு மட்டும் ஆபத்து என்று நினைக்காதீர்கள், அவருக்கும்தான். வருமான வரிச் சட்டம் உறவினர் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. கணவன் மனைவி, அண்ணன் தம்பி, அக்கா தங்கை, மாமா, சித்தி எல்லாம் அதில் உண்டு. நண்பன் கிடையாது. முப்பது வருடம் ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டிருந்தாலும் கிடையாது. உறவினர் இல்லாத ஒருவரிடமிருந்து ஒரு நிதியாண்டில் 50,000 ரூபாய்க்கு மேல் சும்மா வந்தால் முழுத் தொகையும் வாங்கியவரின் வருமானம். நாளைக்கு ஒரு நோட்டீஸ் வந்து 'இந்த எட்டு லட்சம் என்ன' என்று கேட்டால் அவர் என்ன சொல்வார்? என் நண்பன் கொடுத்தான் என்பார். கடனா, முதலா, அன்பளிப்பா என்பார்கள். அங்கே முழிப்பார்.

அதனால்தான் தலைப்பில் அப்படி எழுதினேன். நீங்கள் அதை நண்பனுக்குச் செய்த உதவி என்று ஒரு நாள் நினைக்கிறீர்கள், நம்ம கடை என்று ஒரு நாள், என் பணம் என்று ஒரு நாள். உங்கள் மனைவிக்கு அது திரும்பி வர வேண்டிய கடன். நண்பருக்கு, என் கணிப்பில், காலாவில் நிற்கும்போது அது 'நம்ம கடை', ராத்திரி படுக்கும்போது 'அவனுக்குக் கொடுக்க வேண்டியது'. ஒரே பணம், மூன்று பேர் தலையில் நாலு பெயர்.

இதில் என் கதையும் கொஞ்சம் இருக்கிறது. 1997-ல், ஆடிட்டர் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தபோது, நானும் என் ரூம் மேட்டும் மாட்டுங்கா ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை போட்டோம். அவன் பங்கு 45,000. ஆறே மாதத்தில் அவனுக்கு மஸ்கட்டில் வேலை கிடைத்துப் போய்விட்டான். கடையைப் பார்த்துக்கொண்டவன் நான். கணக்கு அனுப்ப வேண்டும் என்று ஒவ்வொரு மாதமும் நினைப்பேன். ஆனால் இந்த மாதம் டல், அடுத்த மாதம் கொஞ்சம் நல்ல எண்ணாக வந்ததும் அனுப்பலாம் என்று தள்ளிப்போடுவேன். அவன் கேட்கவே இல்லை. கேட்டால் நான் வருத்தப்படுவேன் என்று கேட்கவில்லையாம், இது பின்னால் தெரிந்தது. அப்போது எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? நான் இங்கே டோனர் மையிலும் கரண்ட் கட்டிலும் சாகிறேன், அவனுக்குக் கடை இருப்பதே ஞாபகமில்லை என்று அவன் மேல் கோபம்! கணக்குக் கேட்காத நண்பன் மேல், கணக்குக் கொடுக்காத எனக்குக் கோபம். 2000-ல் கடையை மூடினேன். மிஷினை 18,000-க்கு விற்றேன். அவன் பங்கைத் தனியாக ஒரு கவரில் போட்டு வைத்தேன், ஆனால் மூன்று வருடக் கணக்கில்லாமல் வெறும் கவரை நீட்டக் கூச்சமாக இருந்தது. ஒன்பது வருடம் கழித்துச் செம்பூர் செட்டா நகர் முருகன் கோயிலில் எதிரே வந்தான். முதல் கேள்வி, "டேய், அந்த மிஷின் என்னடா ஆச்சு?" ஊர்க் கணக்கையெல்லாம் பார்க்கிறவன், படிக்கட்டிலேயே உட்கார்ந்து ஞாபகத்திலிருந்து அவனுக்குக் கணக்குச் சொன்னேன்.

அதனால் உங்கள் நண்பர் இரண்டு நாள் பதில் போடாததை நான் வேறு மாதிரிப் பார்க்கிறேன். அவரிடம் அனுப்புகிற மாதிரி ஒரு கணக்கு இல்லை. சொந்தச் செலவும் கடைச் செலவும் பின்னிக் கிடக்கிற ஸ்டேட்மென்டை அனுப்பினால் நடுவில் மெடிக்கல் பில், பிள்ளை பிறந்தநாள் கேக் எல்லாம் வரும். அதை எந்த மனுஷன்தான் இன்னொருவனுக்கு அனுப்புவான்?

என்ன செய்யலாம் என்றால், அந்த எட்டு லட்சத்தைப் பங்காக்குங்கள். கடன் என்று பெயர் வைத்தால் தவணை கேட்பீர்கள், மாதம் 9,600 நிற்கிற கடை தவணை கட்டினால் ஆறு மாதத்தில் படுத்துவிடும். பார்ட்னர்ஷிப் பத்திரம் ஒன்று எழுதிப் பதிவு செய்யுங்கள். 1932-ம் வருடச் சட்டம்தான் இன்றைக்கும். எழுதிக்கொள்ளாத இடத்தில் எல்லாம் அந்தச் சட்டம் தானாக ஒன்றைப் போட்டு நிரப்பும், அது நீங்கள் நினைத்தது மாதிரி இருக்காது. யார் எவ்வளவு போட்டிருந்தாலும் லாபமும் நஷ்டமும் சரிபாதி என்கும். உழைக்கிற பங்காளிக்குச் சம்பளம் கிடையாது என்கும். பதிவு செய்யாவிட்டால், ஃபர்ம் (அதாவது உங்கள் கூட்டு நிறுவனம்) நடந்துகொண்டிருக்கும்போது உங்கள் பங்குக்காக நீங்கள் கோர்ட்டுக்குப் போக முடியாது, உங்களுக்கு மாவுப் பணம் தராத கடைக்காரர் மேல் ஃபர்மும் வழக்குப் போட முடியாது. பங்காளிகள் இரண்டே பேர் என்றால், ஒருவர் இறந்துபோனதும் ஃபர்மே கலைந்துவிடும். அப்போது என்ன செய்வது என்பதையும் எழுதுங்கள், அபசகுனம் என்று விடாதீர்கள்.

ஒன்றை மட்டும் தெரிந்து கையெழுத்துப் போடுங்கள். சாதாரணப் பார்ட்னர்ஷிப்பில் உங்கள் பொறுப்பு எட்டு லட்சத்தோடு நிற்காது, ஃபர்மின் கடனுக்கு உங்கள் சொந்தச் சொத்தும் பதில் சொல்லும். எல்.எல்.பி. என்று ஒன்று இருக்கிறது, அதில் பொறுப்புக்கு எல்லை உண்டு, ஆனால் வருடா வருடம் படிவங்கள், தாமதமானால் அபராதம். தினம் 120 கிலோவுக்கு அது இப்போது அதிகம் என்பது என் அபிப்பிராயம். அதற்குப் பதில் அரிசி மண்டியில் கடன் இவ்வளவுக்கு மேல் வைக்கக் கூடாது, 25,000-க்கு மேல் எந்தச் செலவும் இரண்டு பேரும் ஒத்துக்கொண்ட பிறகே என்று பத்திரத்தில் போடுங்கள். டெம்போ தகராறும் அதிலேயே தீர்ந்துவிடும்.

நீங்கள் வெளிநாட்டில் இருப்பதால் ஃபெமா எனும் அந்நியச் செலாவணிச் சட்டத்தின் விதிகள் உண்டு. பயப்பட ஒன்றுமில்லை. விவசாயம், பத்திரிகை, ரியல் எஸ்டேட் தவிர்த்த ஒரு ஃபர்மில் வெளிநாடுவாழ் இந்தியர் (என்.ஆர்.ஐ.) பணம் போடலாம், ஆனால் போட்ட முதலை நேராக வெளிநாட்டுக்கு எடுத்துப்போக முடியாது என்ற நிபந்தனையில். திரும்புகிற முதல் உங்கள் என்.ஆர்.ஓ. கணக்குக்கு, அதாவது வெளிநாட்டில் இருப்பவர் இந்தியாவில் வைக்கும் ரூபாய்க் கணக்குக்கு, வரும். அங்கிருந்து வரி கட்டியது போக வருடத்துக்குப் பத்து லட்சம் டாலர் வரை எடுத்துப்போகலாம், இட்லி மாவில் அந்த எல்லையைத் தொட்டால் எனக்கும் ஒரு கடிதம் போடுங்கள். ஊரில் இருக்கும் உங்கள் பழைய சேமிப்புக் கணக்கை இன்னும் என்.ஆர்.ஓ. ஆக மாற்றவில்லை என்றால் அதை முதலில் செய்யுங்கள், நிறையப் பேர் மறந்துவிடுவது இது. ஏற்கெனவே போன எட்டு லட்சத்தைப் பத்திரத்தில் முதலாக வரவு வைப்பதற்கு முன்னால், பணம் அனுப்பிய ரசீதுகளில் காரணம் என்ற இடத்தில் என்ன போட்டிருந்தீர்கள் என்று பாருங்கள். நிறையப் பேர் யோசிக்காமல் 'குடும்பச் செலவு' என்று தட்டிவிடுவார்கள். ஃபெமா தெரிந்த ஆடிட்டரிடம் அந்த ரசீதுகளையும் நண்பரின் ஸ்டேட்மென்டில் அந்த வரவு வரிகளை மட்டும் சேர்த்துக் காட்டுங்கள். யார் கையிலாவது ரொக்கமாகக் கொடுத்துவிட்டிருந்தால் இனி அந்தப் பழக்கம் வேண்டாம்.

பத்திரத்தில் சம்பளம் எழுதும்போது நண்பருக்கு 25,000, அவர் மனைவிக்கு 6,000 என்று போடச் சொல்வேன். அதைப் போட்டால் மாதம் 31,000 ஆகிறது, கடையில் நிற்பதோ 29,600. ஆக, இன்றைய தேதியில் உங்கள் கடையில் லாபம் என்று ஒன்றே கிடையாது, ஏறக்குறைய சரிசமமாக ஓடிக்கொண்டிருக்கிறது. கேட்கச் சங்கடமாக இருக்கும், ஆனால் இதை நீங்களும் உங்கள் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. பணத்தைத் திருப்பிக் கேள் என்று அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஆனால் திருப்பித்தர அங்கே டெபாசிட்டும் பழைய கிரைண்டரும் டெம்போவும்தான் இருக்கின்றன. அதே கடை தினம் 150 கிலோவைத் தொட்டால் 4,500 கிலோ, 94,500 ரூபாய். வாடகை, பையன்கள், இந்த 31,000 எல்லாம் போக 17,500 நிற்கும். அதுதான் முதல் லாபம். வருடத்துக்கு 35 கிலோ, 45 கிலோ என்று ஏறிவந்த கடைக்கு அது எட்டாத தூரமில்லை. 150 கிலோ ஆறு மாதம் விடாமல் நின்றால் லாபத்தில் பாதி உங்களுக்கு என்று எழுதிக்கொள்ளுங்கள். காத்திருக்கலாம், ஆனால் எதுவரைக்கும் என்று தெரிந்து காத்திருக்க வேண்டும். உங்கள் மனைவியிடமும் அப்போது ஒரு எண்ணைச் சொல்ல முடியும். இப்போது 'பார்க்கலாம்' என்பதைத் தவிர உங்களிடம் சொல்ல ஒன்றுமில்லை.

வேலையை விட்டு வருவதா? வேண்டாம். இரண்டு குடும்பம், வீட்டுக்கு 35,000 என்றால் 70,000. வாடகை 18,000, அந்த அளவுக்கு மூன்று பையன்கள் வேண்டும், 42,000. மொத்தம் 1,30,000. கிலோவுக்கு 21 என்று வகுத்தால் தினம் 206 கிலோ விற்க வேண்டும். அந்த அளவில் வருட விற்பனை 40 லட்சத்தைத் தாண்டும், ஜி.எஸ்.டி. பதிவும் வந்துவிடும், மாவுக்கு 5 சதவீதம். இப்போது உங்கள் மாதச் சம்பளம்தான் அந்தக் கடைக்குக் காப்பு. நீங்களும் வந்து அதே காலாவில் நின்றால் அரைக்கிற மாவு கூடாது, எடுக்கிற கை மட்டும் கூடும். மே மாதம் இருக்கவே இருக்கிறது, பாதித் தமிழ்க் குடும்பங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விடும், மாட்டுங்காவிலும் செம்பூரிலும் மாவு பாக்கெட் தேங்கும். அந்த மாதத்தை இரண்டு குடும்பமாகத் தாண்டுவதை நினைத்துப் பாருங்கள்.

கணக்கைப் பொறுத்தவரை பெரிய சாஃப்ட்வேர் எதுவும் வேண்டாம். தாராவியிலிருந்து விடியற்காலையில் சைக்கிளில் ஹார்ன் அடித்துக்கொண்டு இட்லி விற்கப் போகிறவர்களில் பலர் எத்தனை எடுத்தேன், எத்தனை போயிற்று என்று மனசிலேயே வைத்திருப்பார்கள், தனி ஆள் என்பதால் அது போதும். இரண்டு பேர் தொழிலுக்குப் போதாது. ஒரு நோட்டு, தினம் ஒரு வரி: அரைத்த கிலோ, விற்ற கிலோ, திரும்பி வந்தது, கைக்கு வந்த பணம், கடைகளில் நிற்கிற உதார். அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து ஞாயிற்றுக்கிழமை அனுப்பச் சொல்லுங்கள், போதும். உங்களுக்கும் அன்று லீவுதான். திரும்பி வந்த பாக்கெட் வரிசையை மட்டும் நாலு வாரம் கவனித்தால் எந்தக் கடைக்கு அதிகமாகக் கொடுக்கிறார் என்று ஷார்ஜாவில் இருந்தே சொல்லிவிடுவீர்கள். ஸ்டோர் கீப்பர் வேலை பார்க்கிற உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்புறம் ஃபர்ம் பெயரில் பேங்கில் தனிக் கரண்ட் அக்கவுண்ட் (நடப்புக் கணக்கு), அதற்குத் தனி க்யூ.ஆர். சிறு தொழில்களுக்கு அரசாங்கம் வைத்திருக்கும் உத்யம் பதிவுக்குக் காசு கிடையாது, அதையும் செய்துவிடச் சொல்லுங்கள். சிறு உற்பத்தியாளருக்குச் சரக்கு வாங்கியவர் 45 நாளுக்கு மேல் பணத்தை நிறுத்திவைக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. பெட்டிக்கடைக்காரரிடம் அதைச் சொல்லிச் சண்டை போட முடியாதுதான், பெரிய சூப்பர் மார்க்கெட் ஏதாவது வாங்க ஆரம்பித்தால் உதவும்.

இதெல்லாம் ஆரம்பிக்க வேண்டியது ஒரு மெசேஜில்தான், அதனால் அதையும் எழுதித் தருகிறேன். உங்கள் பேச்சில் மாற்றிக்கொள்ளுங்கள்.

"டேய், அன்னிக்கு ராத்திரி அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. டெம்போ எனக்குச் சொல்லாம வாங்கினது வலிச்சுது, அதான். மூணு வருஷமா நீயும் வீட்டுலயும் சம்பளம் இல்லாம எவ்வளவு போட்டிருக்கீங்கன்னு இன்னிக்குத்தான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆறு லட்சத்துக்கு மேல வருது. என் எட்டையும் உன் ஆறையும் ஒண்ணா எழுதி வெச்சுக்கலாம். அடுத்த லீவுல வரும்போது ஆடிட்டர்கிட்ட போவோம், உன் வொய்ஃபையும் கூட்டிட்டு வா. ஸ்டேட்மென்ட் வேண்டாம். இந்த ஞாயித்துக்கிழமையிலேர்ந்து நோட்டுல ஒரு பக்கம் அனுப்பு, போதும்."

மும்பை நேரம் மதியம் இரண்டரைக்கு அனுப்புங்கள். உங்களுக்கு ஒரு மணி, சாப்பாட்டு நேரம். அவர் டெலிவரி முடித்து ஒரு குட்டித் தூக்கமும் போட்டு எழுந்திருப்பார், அரிசி ஊறிக்கொண்டிருக்கும், கிரைண்டர் ஆரம்பிக்க இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கும்.